ஒரு வேலைக்கு ஒரு கடிதம்

பயோடேட்டாவை ஒருமுறை ஒழுங்காகத் தயாரித்துவிட்டால் அதையே பத்துக் கம்பெனிக்கு அனுப்பலாம். கவரிங் லெட்டர் என்று எல்லோரும் சொல்லும் முகப்புக் கடிதத்தை அப்படி அனுப்பக் கூடாது. ஒரு வேலைக்கு ஒரு கடிதம். இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்தப்போவது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது பற்றி.

அரசு வேலைக்கு இது தேவைப்படாது. டிஎன்பிஎஸ்சி, வங்கி, ரயில்வே தேர்வுகளில் இணையப் படிவம் கேட்பதை நிரப்பினால் போதும். பெரிய ஐடி நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும்போதும் கடிதத்துக்கு வேலையில்லை. நடுத்தரத் தனியார் நிறுவனங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், பதிப்பகங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகிய இடங்களில்தான் கடிதம் படிக்கப்படுகிறது. அங்கே விண்ணப்பத்தைப் பிரிப்பவர் பெரும்பாலும் நாளை உங்களுக்கு மேலாளராக இருக்கப்போகிறவர். ஆள் இல்லாமல் அவருடைய மேசையில் வேலை தேங்கிக் கிடக்கிறது. தன் அன்றாட வேலைக்கு நடுவே, கிடைத்த பத்து நிமிடத்தில் விண்ணப்பங்களைப் பார்க்கிறார். அவர் தேடுவது ஒரே ஒரு கேள்விக்கான பதிலை: இந்த ஆள் வந்தால் என் தலைவலி குறையுமா?

விளம்பரத்துக்குப் பின்னால் இருப்பது

திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் விளம்பரம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் தேவை. பி.காம். டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தெரிந்திருக்க வேண்டும். 2 ஆண்டு அனுபவம். ஏற்றுமதி ஆவணங்கள் பற்றித் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை.’

நான்கு வரிதான். இதைப் படித்ததும் பலர் ‘எனக்கு டேலி தெரியும், ஜிஎஸ்டி தெரியும்’ என்று எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்து, அந்த அலுவலகத்தில் ஒரு மாதம் எப்படி ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த நிறுவனம் நூல் வாங்குகிறது. அதை நிட்டிங்குக்கு ஓரிடம், சாயத்துக்கு ஓரிடம், காம்பாக்டிங்குக்கு ஓரிடம், பிரிண்டிங், எம்ப்ராய்டரிக்கு வேறு இடங்கள் என்று ஜாப் ஒர்க்குக்கு அனுப்புகிறது. ஒவ்வொருவரும் பில் போடுகிறார்கள்; ஒவ்வொரு பில்லிலும் வரி இருக்கிறது. பில் போட்டவர் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தன் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலில் அதைக் காட்டியிருந்தால்தான், 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி பட்டியலில் அது இருக்கும். இருந்தால்தான் 20ஆம் தேதிக்குள் போடும் 3பி ரிட்டர்னில் அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் ஏற்றுமதி செய்கிறவர்கள் உள்ளே கட்டிய வரியை ரீஃபண்டாகத்தான் திரும்ப வாங்க வேண்டும். ஆக, ஒரு பில் ஏறாமல் போனால் அந்தப் பணம் அப்படியே மாட்டிக்கொள்கிறது.

எனவே ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் நடுவே யாரோ ஒருவர் 2பி-யை இறக்கி, டேலியில் உள்ள பில்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து, ஏறாத பில்காரரைப் போனில் பிடித்து, ‘அண்ணா, உங்க பில் இன்னும் ஏறலையே’ என்று கேட்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிட வேண்டும். அந்த யாரோ ஒருவரைத் தேடித்தான் விளம்பரம் வந்திருக்கிறது. ‘ஜிஎஸ்டி ரிட்டர்ன்’ என்ற இரண்டு சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

இந்த விவரம் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். அதே தொழிலில் இருக்கும் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினால் கிடைக்கும். சித்தப்பாவின் நண்பர், கல்லூரி சீனியர், பக்கத்து வீட்டு அக்கா என்று யாரோ ஒருவர் இருப்பார். ‘உங்க ஆபீஸ்ல மாசக் கடைசியில எது ரொம்பக் கஷ்டம்?’ என்று கேளுங்கள். இணையத்தில் மாதிரிக் கடிதம் தேடும் நேரத்தை இந்தப் பேச்சுக்குக் கொடுங்கள். கடிதத்தின் பாதி இங்கேயே கிடைத்துவிடும்.

யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடக்கூடிய கடிதம்

மேலே சொன்ன வேலைக்கு ஒரு பெண் விண்ணப்பிக்கிறார். பி.காம். முடித்து, ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர். குழந்தை பிறந்ததால் கடந்த ஓராண்டு வீட்டில் இருந்தார். இப்போது குடும்பம் திருப்பூருக்கு வந்துவிட்டது. அவருடைய முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

‘தங்கள் மேலான நிறுவனத்தில் காலியாக உள்ள பணியிடத்துக்குத் தாழ்மையுடன் விண்ணப்பிக்கிறேன். நான் கடின உழைப்பாளி. நேர்மையும் பொறுமையும் உள்ளவள். டேலி, ஜிஎஸ்டி ஆகியவற்றில் நல்ல அனுபவம் உண்டு. தாங்கள் ஒரு வாய்ப்பளித்தால் தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு அயராது பாடுபடுவேன் என்று உறுதி கூறுகிறேன்.’

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதே கடிதத்தின் கீழே வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். இதே கடிதத்தை மருந்துக் கம்பெனிக்கு அனுப்பினாலும் பொருந்தும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். உங்கள் பெயரை எடுத்துவிட்டு நண்பர் பெயரைப் போட்டாலும் நிற்கிற வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

‘டேலி, ஜிஎஸ்டியில் நல்ல அனுபவம் உண்டு’ என்ற வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவரிடம் கேட்டுப்பார்ப்போம். எத்தனை பார்ட்டிக்கு ரிட்டர்ன் தயார் செய்தீர்கள்? பதினான்கு. எல்லாம் என்ன தொழில்? மளிகை, ஹார்டுவேர், மூன்று பேர் ஜவுளி. ஜவுளிக்காரர்களுக்கு என்ன செய்தீர்கள்? கொள்முதல் பில்லை 2பி-யோடு ஒத்துப்பார்த்து, ஏறாததைப் பட்டியல் போட்டுக் கொடுப்பேன். சப்ளையரிடம் பேசியது யார்? நான்தான் பேசுவேன். இந்தக் கடைசிப் பதில்தான் அவருக்கு வேலை வாங்கிக்கொடுக்கும். தன் முதல் வரைவில் அவர் அதை எழுதவே இல்லை. அது பெரிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அன்றாடம் செய்கிற வேலையை நாம் திறமையாகவே எண்ணுவதில்லை. அதனால்தான் இந்தக் கேள்விகளை இன்னொருவர் கேட்க, நீங்கள் பதில் சொல்லி, அந்தப் பதில்களை அப்படியே எழுதிக்கொள்வது நல்லது.

இப்போது அவருடைய கடிதம்:

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தங்கள் நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றினேன். மாதந்தோறும் 14 பார்ட்டிகளுக்கு ஜிஎஸ்டிஆர்-1, 3பி தயாரித்தேன். அவர்களில் மூவர் ஜாப் ஒர்க் கொடுத்து வாங்கும் ஜவுளி நிறுவனத்தார்.

அந்த மூவரின் கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒத்துப்பார்ப்பதும், ஏறாத பில்களுக்காகச் சப்ளையர்களிடம் பேசி ஏற்றவைப்பதும் என் பொறுப்பில் இருந்தன. கணக்குப் பதிவு முழுவதும் டேலி பிரைமில் செய்தேன்.

ஏற்றுமதி ஆவணங்களை முழுமையாகக் கையாண்டதில்லை. எல்யுடி மூலம் ஏற்றுமதி செய்த ஒரு பார்ட்டியின் ரீஃபண்ட் விண்ணப்பத்துக்காக ஷிப்பிங் பில், இன்வாய்ஸ் விவரங்களைத் தொகுத்துக் கொடுத்திருக்கிறேன்.

குழந்தைப்பேறு காரணமாகக் கடந்த ஓராண்டு பணியில் இல்லை. தற்போது திருப்பூரிலேயே வசிக்கிறேன். உடனே சேர முடியும். நேரில் வர வாய்ப்பளித்தால், 2பி ஒத்துப்பார்க்க நான் பயன்படுத்தும் எக்செல் படிவத்தைக் காட்டி விளக்குகிறேன்.

இப்படிக்கு...’

ஒரு பக்கத்தில் பாதிதான் வருகிறது; அதற்கு மேல் வேண்டியதில்லை. கடைசி வரியில் சொன்ன எக்செல் படிவத்தை எடுத்துப்போகும்போது அதில் பழைய பார்ட்டிகளின் பெயரோ எண்களோ இருக்கக் கூடாது. பழைய இடத்தின் கணக்கை வெளியே காட்டுகிறவரை யாரும் தங்கள் கணக்குப் பிரிவில் உட்காரவைக்க மாட்டார்கள்.

ஏற்றுமதி ஆவணம் பற்றிய பத்தியைக் கவனியுங்கள். தெரியாததை ‘தெரியும்’ என்று எழுதினால் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியில் சாயம் வெளுத்துவிடும். எழுதாமலே விட்டாலோ, விளம்பரம் கேட்ட ஒன்றுக்குப் பதில் இல்லாமல் போகும். இதுவரை எவ்வளவு தொட்டிருக்கிறீர்களோ அவ்வளவைச் சொல்லிவிடுவதுதான் சரி. ‘முன்னுரிமை’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். ‘கட்டாயம்’ என்று போடவில்லை.

ராமானுஜனின் இரண்டு கடிதங்கள்

படிப்பில் அரியர், இடையில் ஓராண்டு கேப், பாதியில் நின்ற பட்டம் என்று ஏதாவது ஒரு குறை நம்மில் பலருக்கு உண்டு. அதை எப்படி எழுதுவது என்பதற்கு நான் காட்டும் உதாரணம் கணிதமேதை ராமானுஜன் 1912 பிப்ரவரி 9 அன்று திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைத் துறைமுக டிரஸ்டின் தலைமைக் கணக்கு அதிகாரிக்கு எழுதிய வேலை விண்ணப்பம்.

அப்போது அவருக்கு வயது 24. எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்வில் தேறவில்லை, கையில் பட்டம் கிடையாது. கடிதம் சில வரிகளே. உங்கள் அலுவலகத்தில் எழுத்தர் இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று தொடங்குகிறார். மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் சொல்கிறார். சில பாதகமான சூழ்நிலைகளால் படிப்பைத் தொடர முடியவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே, தன் நேரம் முழுவதையும் கணிதத்துக்குக் கொடுத்துவருவதைச் சொல்கிறார். இந்த வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கையைத் தெரிவித்து முடிக்கிறார். கூடவே, மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரையும் போனது. மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார்.

எந்தப் பாடத்தில் எத்தனை முறை தோற்றார், உதவித்தொகை எப்படிப் போயிற்று, வீட்டில் என்ன கஷ்டம் என்று அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் எல்லாம் உண்மையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் படிக்கிற அதிகாரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. குறையை மறைக்கவும் இல்லை. அதற்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் இடம் கொடுக்கவும் இல்லை. உங்கள் அரியருக்கும் கேப்புக்கும் இதே அளவுதான். ஒரு வாக்கியம், உடனே அடுத்து, அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் அல்லது இப்போது என்ன நிலை என்பது.

இந்தக் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. 1913 ஜனவரி 16 அன்று அதே ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதத்தோடு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் போயின. 1911இலேயே இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்திருந்தது. துறைமுகக் கணக்கு அதிகாரிக்கு எழுதியபோது அவர் அதைச் சொல்லவில்லை, ஒரு சூத்திரம்கூட எழுதவில்லை. கணக்குப் பிரிவுக்கு வேண்டியது ஒழுங்காக வேலை பார்க்கும் எழுத்தர். ஹார்டிக்கு வேண்டியது இவர் உண்மையான கணிதர்தானா என்பதற்கான ஆதாரம். ஓராண்டுக்குள் ஒரே மனிதர் எழுதிய இரண்டு கடிதங்கள், படிப்பவர் மாறியதால் இவ்வளவு வேறாக இருக்கின்றன. உங்களிடம் பத்துத் திறமை இருக்கலாம். இந்த வேலைக்கு வேண்டிய இரண்டை மட்டும் கடிதத்தில் வையுங்கள். பரதநாட்டிய டிப்ளமோவும் என்சிசி சான்றிதழும் பயோடேட்டாவில் இருக்கட்டும்.

மனு வேறு, விண்ணப்பம் வேறு

தமிழில் அதிகாரத்தில் இருப்பவருக்கு எழுதிப் பழகிய கை, மனு எழுதிப் பழகிய கை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவின் நடை வேலை விண்ணப்பத்துக்குள்ளும் வந்துவிடுகிறது: ‘என் ஏழ்மையான குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு’, ‘தந்தையை இழந்து தாயின் உழைப்பில் படித்த எனக்கு’, ‘கருணை கூர்ந்து’. இதை எழுதுகிறவர்களின் கஷ்டம் உண்மையானது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மனுவில் நாம் உதவி கேட்கிறோம். விண்ணப்பத்தில் சம்பளத்துக்கு உழைப்பைத் தருவதாகச் சொல்கிறோம். தருகிறவர் கெஞ்ச வேண்டியதில்லை. கெஞ்சி உள்ளே போனால் சம்பளம் பேசும்போதும் அந்தக் குரலே தொடரும், அதில் நஷ்டம் உங்களுக்குத்தான். ‘மதிப்பிற்குரிய ஐயா’, ‘வணக்கம்’, ‘நன்றி’ ஆகிய மூன்றும் மரியாதைக்குப் போதும்.

சாதி, மதம், தந்தையின் தொழில், திருமண நிலை எதுவும் கடிதத்தில் வர வேண்டாம். அம்மா தனியாளாக வளர்த்ததால் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே மளிகைக் கடையில் கணக்கு எழுதினீர்கள் என்றால், கடையில் கணக்கு எழுதியதை எழுதுங்கள். அது அனுபவம்.

முதல் வேலை தேடுகிறவர்கள் இதைத்தான் மறைக்கிறார்கள். அப்பாவின் ஹார்டுவேர் கடையில் ஸ்டாக் எடுத்தது, அண்ணனின் லேத் பட்டறையில் விடுமுறைக்கு நின்றது, கேட்டரிங்கில் ஆட்களுக்குச் சம்பளம் பிரித்துக் கொடுத்தது எல்லாம் ‘அது ஒன்றுமில்லை’ என்று விடப்படுகின்றன. அதற்குப் பதிலாக, காசு கொடுத்து வாங்கிய இறுதியாண்டு புராஜெக்ட்டின் நீளமான தலைப்பு இடம்பிடிக்கிறது. ஓசூரிலோ கோவையிலோ மெஷின் ஷாப் நடத்துகிறவருக்கு அந்தத் தலைப்பு எங்கிருந்து வருகிறது என்று நன்றாகத் தெரியும். டிப்ளமோ முடித்தவர் ‘பட்டறையில் இரண்டு கோடை விடுமுறை வேலை பார்த்தேன், மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. வரை அளந்து பழக்கம். டிராயிங்கைப் பார்த்து ஜாப் செட் செய்வேன்’ என்று எழுதினால் அவர் நிமிர்ந்து உட்கார்வார். அடுத்து, மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்துப் பார்ப்பார். கையில் வராததை எழுதாதீர்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது

பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கடிதம் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்த ‘ரெஸ்பெக்டட் சார், வித் ரெஃபரன்ஸ் டு யுவர் அட்வர்டைஸ்மென்ட்’ என்பதில் தொடங்கினால் கை தானாகப் பழைய தடத்திலேயே போய் ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடிந்துவிடும். முதலில், சொல்ல வேண்டியதைத் தமிழில் எழுதுங்கள், மேலே உள்ள கடிதம்போல. பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக ஆக்குங்கள். நான் இதைச் செய்தேன், இத்தனை பேருக்குச் செய்தேன், இவ்வளவு காலம் செய்தேன் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் இலக்கணப் பிழை அதிகம் வராது. அகராதியைப் புரட்டிப் பெரிய சொல்லைப் போட வேண்டாம். அந்தச் சொல்லை நேரில் பேசவும் வேண்டியிருக்கும்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளிடம் ‘அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ஒரு கவர் லெட்டர்’ என்று கேட்டால் பிழையே இல்லாத ஒன்று வந்து விழும். அதே விளம்பரத்தைப் பார்த்த மற்றவர்களுக்கும் ஏறக்குறைய அதுவேதான் வந்து விழுந்திருக்கும். பதினான்கு பார்ட்டிகளும், போனில் பிடித்த சப்ளையர்களும் அதற்குத் தெரியாது. நீங்கள் எழுதியதைக் கொடுத்து இலக்கணத்தை மட்டும் திருத்தச் சொல்லலாம். திரும்பி வந்ததை வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் செய்யாத வேலை ஏதாவது புதிதாக முளைத்திருந்தால் வெட்டிவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன்

மின்னஞ்சலில் அனுப்பும்போது கடிதத்தை அஞ்சலின் உள்ளேயே எழுதுங்கள். பயோடேட்டாவை மட்டும் பிடிஎஃப் ஆக இணையுங்கள். உள்ளே ஒன்றுமே எழுதாமல் இணைப்பை மட்டும் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். பொருள் வரியில் பதவியின் பெயர், உங்கள் பெயர், அனுபவம் மூன்றும் இருக்கட்டும். இணைக்கும் கோப்புக்கு ‘நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2’ என்றில்லாமல் உங்கள் பெயரை வையுங்கள். பெயரும் இனிஷியலும் சான்றிதழிலும் பான் கார்டிலும் உள்ளபடியே எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். திருப்பூர், சிவகாசி, கரூர் போன்ற ஊர்களில் பல நிறுவனங்கள் வாட்ஸ்அப் எண்ணையே கொடுக்கின்றன. அங்கே கடிதத்தின் முதல் இரண்டு பத்தியை அனுப்பினால் போதும். எழுத்தாகவே அனுப்புங்கள், வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்.

ஆதார் நகல், மதிப்பெண் சான்றிதழ், வங்கி விவரம் எதையும் இந்தக் கட்டத்தில் அனுப்ப வேண்டாம். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் கட்டணம் என்று பணம் கேட்டால் அது வேலையே இல்லை. எதிர்பார்க்கும் சம்பளத்தை விளம்பரம் கேட்டிருந்தால் ஒரு தொகையைத் தெளிவாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது வேலையில் இருப்பவர் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்பதை எழுதிவிட வேண்டும்.

நிறுவனத்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பழைய கடிதத்தைத் திருத்தி அனுப்பும்போது கீழே எங்கோ முந்தைய நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தவர் மேலே எழுதிய எதையும் நம்ப மாட்டார்.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால், போன் எண் கொடுத்திருக்கும் பட்சத்தில் ஒருமுறை கூப்பிடலாம். கணக்குப் பிரிவுக்கு என்றால் 20ஆம் தேதிக்கு முந்தைய நாட்களில் வேண்டாம். அவர்கள் 3பி வேலையில் இருப்பார்கள். 21ஆம் தேதிக்குப் பிறகு காலை பதினோரு மணி வாக்கில் கூப்பிட்டு, ‘போன வாரம் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு மெயில் அனுப்பியிருந்தேன் சார், ஈரோடு ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்தவங்க, பார்த்தீங்களா?’ என்று கேளுங்கள். இடம் நிரம்பிவிட்டது என்றால், அடுத்து தேவைப்படும்போது கூப்பிடச் சொல்லி உங்கள் எண்ணை ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிட்டு வையுங்கள்.